படுக்கையருகே நடந்ததை ஆய்விதழுக்குக் கொண்டுபோவது எப்படி: எல்லைப்புறச் சாப்ளின்களுக்கும் பாலியேட்டிவ் தன்னார்வலர்களுக்கும்

கொழிஞ்சாம்பாறை, மறையூர், மூணாறு, வண்டிப்பெரியார், பாறசாலை என்று கேரள எல்லையோரம் தமிழ் பேசும் ஊர்களில் மருத்துவமனைச் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கு ஆன்மீகத் துணையாக இருப்பவர்களுக்கும், பஞ்சாயத்து பாலியேட்டிவ் (வலியும் துன்பமும் தணிக்கும் பராமரிப்பு) நர்ஸோடு வீடு வீடாகப் போகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. நோயாளியோடு உட்கார்ந்து பேசிய அனுபவத்தை ஒரு தொழில்முறை இதழில் வெளியிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, எதை முதலில் செய்ய வேண்டும், எந்தத் தாள் எப்போது வேண்டும், எங்கே பணம் போகும், எங்கே காலம் போகும் என்று சொல்லியிருக்கிறோம்.

மேய்ப்புப் பணி, அதாவது ஆன்மீகப் பராமரிப்பு பற்றிய இதழ்களைப் புரட்டினால் அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவமனைகள்தான் அதிகம் கண்ணில் படும். எஸ்டேட் வரிசை வீடான லயத்தில் படுத்த படுக்கையான தோட்டத் தொழிலாளி கேட்கும் கேள்விகள் அங்கே அபூர்வம். அந்த வேலை இங்கே நடக்காமல் இல்லை. எழுதப்படாமல் இருக்கிறது. எழுதத் தொடங்கியவையும் நடை சரியில்லாததால் நின்றுபோவதைவிட, ஒப்புதல் தாள் இல்லாததால் நின்றுபோவதே அதிகம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் கட்டுரைக்கு, தொடக்கம் முதல் அச்சு வரை, ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை ஒதுக்கிவையுங்கள்.

1. எந்த வகைக் கட்டுரை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான்கு வகை வழக்கத்தில் உண்டு. ஒரே நோயாளியோடு நடந்த சந்திப்புகளை ஆராயும் நேர்வு அறிக்கை, அதாவது கேஸ் ஸ்டடி. உங்கள் பணியைப் பற்றிய சிந்தனைக் கட்டுரை. உங்கள் அணி ஒரு வருடத்தில் எத்தனை பேரைப் பார்த்தது, என்ன தேவைகள் இருந்தன என்னும் சேவை அறிக்கை. பலரை நேர்காணல் செய்து எழுதும் ஆய்வு.

புதிதாக வருகிறவர்கள் நேர்வு அறிக்கையிலிருந்து தொடங்குவது நல்லது. நேர்காணல் ஆய்வுக்குப் பயிற்சி பெற்ற கூட்டாளி வேண்டும், முழு நெறிமுறை ஒப்புதல் வேண்டும், நேரமும் இரட்டிப்பாகும். சாப்ளின்கள் தங்கள் நேர்வுகளை எழுதி வெளியிட வேண்டும் என்று சிகாகோ ஆய்வாளர் ஜார்ஜ் ஃபிட்செட் 2011-இல் வலியுறுத்தி எழுதினார். அதற்குப் பிறகு இந்த வகைக்கு இதழ்களில் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. அவர் வழியில் எழுதுபவர்கள் மூன்று கேள்விகளுக்கு விடை தருகிறார்கள்: நோயாளியின் ஆன்மீகத் தேவை என்ன என்று எப்படி மதிப்பிட்டீர்கள்? அதற்கு என்ன செய்தீர்கள்? அதனால் என்ன மாறியது? இந்த மூன்றுக்கும் உங்களிடம் விடை இருந்தால் கட்டுரை இருக்கிறது. மூன்றாவதற்கு மட்டும் விடை இல்லையென்றாலும் எழுதலாம். ஆனால் இல்லை என்பதை மறைக்காமல் எழுத வேண்டும்.

2. நிறுவன அனுமதி

நீங்கள் யார் பெயரால் அந்த வீட்டுக்குள் போனீர்களோ அவர்களிடம் முதலில் கடிதம் வாங்குங்கள். மருத்துவமனை என்றால் கண்காணிப்பாளர் அல்லது இயக்குநர். பஞ்சாயத்து பாலியேட்டிவ் அணி என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர். பஞ்சாயத்துத் தலைவரின் வாய்மொழிச் சம்மதம் போதாது. கடிதத்தில் உங்கள் பெயர், கட்டுரையின் தற்காலிகத் தலைப்பு, எந்தப் பதிவேடுகளைப் பார்ப்பீர்கள் என்பது, நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடலாமா கூடாதா என்பது ஆகிய நான்கும் இருக்க வேண்டும்.

எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நோயாளிக்குச் சிகிச்சை கோயம்புத்தூரிலோ தேனியிலோ நாகர்கோவிலிலோ நடந்திருக்கும். வீட்டுப் பராமரிப்பு கேரளத்துப் பஞ்சாயத்து அணியின் கையில் இருக்கும். அந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளை வீட்டில் பார்த்தேன், அதிலிருந்து நோய் விவரத்தை எடுத்துக்கொண்டேன் என்றால் போதாது. குடும்பத்தாரின் கையில் இருக்கும் தாளைப் பயன்படுத்தக் குடும்பத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். மருத்துவமனையின் கோப்பைத் திறக்க வேண்டுமென்றால் அந்த மருத்துவமனையின் அனுமதியும் தனியாக வேண்டும். இரண்டு நிறுவனங்கள், இரண்டு கடிதங்கள்.

3. நெறிமுறைக் குழு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள்தான் இங்கே அடிப்படை. அதன்படி நெறிமுறைக் குழுவுக்கு வரும் ஆய்வு விண்ணப்பங்கள் மூன்று வகையில் பரிசீலிக்கப்படும்: பரிசீலனையிலிருந்து விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை. ஒரே ஒருவரைப் பற்றிய நேர்வு அறிக்கைக்குப் பல குழுக்கள் விலக்கு அளிக்கும். ஆனால் விலக்கு உண்டு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளக் கூடாது. விலக்கு அளிக்கிறோம் என்று குழு எழுதித் தந்த கடிதம் வேண்டும். இதழின் இணையப் படிவம் அதன் எண்ணையும் தேதியையும் கேட்கும்.

எல்லாம் முடிந்தபிறகு பின்தேதியிட்டு ஒப்புதல் தரச் சொல்லிக் கேட்டால் குழு தராது, தரவும் கூடாது. ஒரு வருட நேர்காணலை முடித்துவிட்டுக் குழுவிடம் போனவர்களுக்கு அந்தக் கட்டுரையே இல்லாமல் போகும். வேறு வழி கிடையாது.

உங்கள் மருத்துவமனையில் குழு இல்லையென்றால், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் குழுவோடு உங்கள் நிறுவனம் எழுத்துபூர்வ ஏற்பாடு செய்துகொள்ளலாம். வெளியாரிடம் சில குழுக்கள் கட்டணம் வாங்கும். அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். அந்தக் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்யப்பட்டதா என்பதையும் கேளுங்கள்.

வழக்கமாகக் கேட்கும் தாள்கள் இவை:

- மூன்று முதல் ஐந்து பக்கத் திட்ட அறிக்கை
- பங்கேற்பாளருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம் (ஆங்கிலம், தமிழ், மலையாளம்)
- மொழிபெயர்ப்பு சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட சான்று
- உங்கள் தன்விவரக் குறிப்பு, துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம்
- ஆய்வு நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ்
- பண உதவி, நலன் முரண் (ஆய்வைப் பாதிக்கக்கூடிய சொந்த நலன்) பற்றிய உறுதிமொழி

பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர்கள் சென்னையிலுள்ள ஐசிஎம்ஆர் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இணையவழியில் நடத்தும் அடிப்படை ஆய்வு வகுப்புகளில் சேரலாம். பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம் இருக்கும். சேரும் தேதியைத் தவறவிட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டிவரும் என்பதால் இதை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்.

குழு ஒவ்வொரு மாதமும் கூடும் என்று எண்ண வேண்டாம். சில இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் கூடும். திருத்தம் கேட்டால் அடுத்த கூட்டம் வரை போகும். மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

4. நோயாளியின் ஒப்புதல்

இந்த வேலை முழுவதிலும் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

சிகிச்சைக்கு வாங்கிய கையெழுத்து வெளியீட்டுக்குச் செல்லாது. ஆய்வில் பங்கேற்கத் தந்த ஒப்புதலும் வெளியீட்டுக்கான ஒப்புதலும்கூட ஒன்றல்ல. தன்னைப் பற்றி எழுதப்போவது அச்சிலும் இணையத்திலும் வரும், உலகில் யாரும் படிக்கலாம், பெயர் இராது, ஆனால் தெரிந்தவர்கள் அடையாளம் காணும் வாய்ப்பு முழுவதும் போய்விடாது, அச்சான பிறகு திரும்பப் பெற முடியாது: இவ்வளவும் அவருக்குப் புரிய வேண்டும். பெரிய பதிப்பகங்கள் தங்களுக்கென்று ஒப்புதல் படிவம் வைத்திருக்கின்றன. எந்த இதழ் என்று ஓரளவு தெரிந்தால் அதன் படிவத்தையும் இப்போதே சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடிப்போகும்போது அவர் உயிரோடு இல்லாமல் இருக்கலாம்.

மொழி. பேசுவது தமிழாக இருக்கும், படித்தது மலையாளப் பள்ளியாக இருக்கும். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தோட்டங்களிலும் இது சர்வ சாதாரணம். ஒரே வீட்டில் அப்பா தமிழ் மீடியம், மகள் மலையாள மீடியம். அதனால் "தமிழர்தானே" என்று தமிழ்ப் படிவத்தை நீட்டாதீர்கள். எதை வாசிக்க வரும் என்று கேட்டு அந்தப் படிவத்தைக் கொடுங்கள். படிவத்தின் தமிழ் அரசாணைத் தமிழாக இருக்க வேண்டியதில்லை. "இந்த ஆய்வில் தன்னார்வமாகப் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்" என்பதைவிட "என்னைப் பற்றி எழுதலாம், என் பெயர் வராது, வேண்டாம் என்று சொன்னாலும் எனக்குக் கிடைக்கும் மருந்தும் கவனிப்பும் குறையாது" என்பது யாருக்கும் புரியும்.

வாசிக்கத் தெரியாதவரிடம் பெருவிரல் ரேகை வாங்கும்போது, நீங்களும் உங்கள் அணியும் சாராத சாட்சி ஒருவர் முழு நேரமும் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். பாலியேட்டிவ் நர்ஸ் அந்தச் சாட்சியாக இருக்கக் கூடாது. ஆஷா பணியாளரும் அணியைச் சேர்ந்தவராகவே கருதப்படலாம். பக்கத்து வீட்டு ஆசிரியர், தபால்காரர் போன்ற ஒருவர் நல்லது. சாட்சியின் காதில் நோய் விவரம் விழும் என்பதால், அவர் யார் என்று தேர்வு செய்வது நோயாளியாக இருக்கட்டும்.

நேரம் பார்த்துக் கேளுங்கள். கெட்ட செய்தி சொன்ன நாள், மார்ஃபின் கூட்டிய நாள், ஜெபம் முடிந்து கண்ணீரோடு இருக்கும் பொழுது ஆகியவை கேட்கும் நேரமல்ல. "ஐயா கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது" என்ற தயக்கம் நம் ஊர்களில் மிக வலுவானது. ஆன்மீகத் துணைக்கு வந்தவர் கேட்கும்போது அந்தத் தயக்கம் இன்னும் கூடும். அதனால் தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வருகையில், முடிந்தால் அணியின் வேறொருவர் வழியாக, பதில் கேளுங்கள். சும்மா தலையாட்டியதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நோயாளி இறந்துவிட்டால் நெருங்கிய உறவினரிடம் வாங்க வேண்டும். மனைவி சம்மதித்து மகன் மறுத்தால் எழுதாதீர்கள். சட்டப்படி ஒருவர் போதும் என்று வாதிடலாம்தான். ஆனால் அந்த வீட்டுக்குள் உங்கள் அணி மறுபடி போக வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு, ஏழு வயதுக்கு மேல் வாய்மொழியாகவும் பன்னிரண்டுக்கு மேல் எழுத்திலும் குழந்தையின் இசைவும் வேண்டும்.

கையெழுத்திட்ட மூலப் படிவம் நிறுவனத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். ஒரு நகலை அவரிடம் கொடுங்கள். இதழ் கேட்டாலொழிய அதை எங்கும் பதிவேற்றாதீர்கள். அதில் பெயர் இருக்கிறது.

5. குறிப்பெடுப்பது

சந்திப்பு நடந்த அன்றே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் உங்கள் சொற்கள் நோயாளியின் வாயில் போய் உட்கார்ந்துவிடும். சிபிஇ என்னும் மருத்துவமனை மேய்ப்புப் பணிப் பயிற்சி பெற்றவர்களுக்கு வெர்பேட்டிம், அதாவது உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதும் குறிப்பு, தெரியும். தெரியாதவர்களுக்கு அதன் வடிவம் இது (மாதிரிக்காக நாங்கள் எழுதியது, யாருடைய பேச்சும் அல்ல; நோ என்றால் நோயாளி, சா என்றால் சாப்ளின்):

நோ1: வேலையில இருந்து நின்னாச்சு. லயத்த ஒழிச்சுக் குடுக்கணும்னு சொல்றாங்க. நான் போயிட்டா இவ எங்க போவா, ஐயா?
சா1: (நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டு) அதத்தான் ராத்திரியெல்லாம் நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா?
நோ2: (மனைவி இருக்கும் பக்கம் பார்க்கிறார். சிறிது நேரம் பேசவில்லை.) முருகனுக்கு நேர்ந்துக்கிட்டது ஒண்ணு பாக்கி இருக்கு.

ஒவ்வொரு பேச்சுக்கும் எண். பேசாமல் இருந்ததும் பார்வை திரும்பியதும் அடைப்புக்குறிக்குள். பேச்சுத்தமிழை அப்படியே எழுதுங்கள், நடுவே வரும் மலையாளச் சொல்லையும் திருத்தாதீர்கள். ஆங்கிலமாக்குவது பிறகு, அதுவும் இருவராக. ஒருவர் மொழிபெயர்க்க, மற்றவர் ஆங்கிலத்தை மட்டும் பார்த்து மறுபடி தமிழாக்கட்டும். எங்கே விலகுகிறதோ அங்கே உட்கார்ந்து பேசுங்கள். மேலே உள்ள உரையாடலில் வீட்டைப் பற்றிய பயம், நிறைவேறாத நேர்த்திக்கடன் என்று இரண்டு தேவைகள் இருக்கின்றன. சா1-இல் சாப்ளின் பதில் சொல்ல முந்தாமல் இருந்ததால்தான் இரண்டாவது வெளியே வந்தது. கட்டுரையின் விவாதப் பகுதி இப்படித்தான் வெர்பேட்டிமிலிருந்து எழ வேண்டும்.

நோட்டில் பெயர் எழுதாதீர்கள், குறியீடு போதும். குறியீட்டுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் வேறிடத்தில். சம்மதமில்லாமல் செல்போனில் பதிவு செய்யாதீர்கள். வெர்பேட்டிமை வாட்ஸாப்பில் நண்பருக்கு அனுப்புவதும், இணைய மொழிபெயர்ப்பிலோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலோ ஒட்டுவதும் நோயாளி உங்களிடம் மட்டும் சொன்னதை வெளியே கொடுப்பதுதான். இப்போது இது மிகச் சுலபமாக நடந்துவிடுகிறது. கட்டுரையின் ஆங்கிலத்தைச் செப்பனிட அத்தகைய செயலியைப் பயன்படுத்தினால் அதையும் இதழுக்குச் சொல்ல வேண்டும்.

6. அடையாளத்தை மறைப்பது

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பது நகரத்தில்கூட சரியாக வராது. சின்ன ஊரில் நிச்சயம் வராது. இப்படி ஒரு வரி (இதுவும் கற்பனைதான்):

"கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தேங்காய் மண்டி வைத்திருந்த, இரண்டு மகள்களும் நர்ஸாக வெளிநாட்டில் இருக்கும், 58 வயது, நாக்குப் புற்றுநோயாளி. 2023 ஓணத்தன்று இறந்தார்."

அந்தப் பகுதியில் யாருக்கும் ஆள் தெரிந்துவிடும். இதை இப்படிச் சுருக்கலாம்:

"பாலக்காடு மாவட்டக் கிராமம் ஒன்றில் சிறு வணிகம் செய்துவந்த, ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருந்த ஆண். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய். பிள்ளைகள் தொலைவில் வசித்தனர். முதல் சந்திப்பிலிருந்து சில வாரங்களில் காலமானார்."

கவனியுங்கள், எதையும் பொய்யாக மாற்றவில்லை. நீக்கினோம், பொதுவாக்கினோம், அவ்வளவுதான். மண்டிக்காரரைத் தையல்காரர் ஆக்குவது, மகள்களை மகன்களாக்குவது எல்லாம் ஆய்வை வளைக்கும். மகள்கள் தொலைவில் இருப்பதுதான் அவருடைய வேதனையின் மையம் என்றால் அதை வைத்துக்கொண்டு வேறொன்றை எடுங்கள். சாதி, சபை, ஜமாஅத், கோவில் பெயர், வார்டு எண், எஸ்டேட் டிவிஷன், விபத்துத் தேதி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்: இது இல்லாவிட்டால் வாதம் விழுமா? விழாது என்றால் வெட்டுங்கள். புகைப்படத்தில் கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பதை இதழ்கள் ஏற்பதில்லை.

சில இடங்களில் சட்டமே குறுக்கே நிற்கும். எச்ஐவி நிலையை வெளியிடுவதற்கு 2017-ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம், மனநலச் சிகிச்சை விவரங்களுக்கு அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்கு போக்சோ. இந்த மூன்றில் எது வந்தாலும் அந்த நேர்வை முதல் கட்டுரைக்கு எடுக்காதீர்கள்.

கத்தோலிக்கக் குருக்களுக்குத் தனியாக ஒன்று. ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) கேட்டது, எவ்வளவு மறைத்தாலும், நோயாளியே சரி என்றாலும், கட்டுரைக்குப் பொருளல்ல. படுக்கையருகே உரையாடல் எங்கே முடிந்து அருட்சாதனம் எங்கே தொடங்கியது என்று குறிப்பில் கோடு போடும் பழக்கம் நல்லது.

7. யார் பெயர் வரும்

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளும் பொருந்துபவரே ஆசிரியர்: கருத்திலோ தகவல் திரட்டலிலோ முக்கியப் பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்பது. கண்காணிப்பாளர் என்பதற்காக அவர் பெயரைச் சேர்க்காதீர்கள். கூடவே வந்து, குறிப்பைத் திருத்தித் தந்த பாலியேட்டிவ் நர்ஸின் பெயரை விடாதீர்கள். வரிசையை எழுதுவதற்கு முன்பே மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தமிழ்ப் பெயரில் ஒரு தொல்லை உண்டு. இதழின் படிவம் குடும்பப் பெயர் கேட்கும், நமக்கு இருப்பது இனிஷியல். ஒரு கட்டுரையில் இனிஷியலை விரித்து, அடுத்ததில் ஊர்ப் பெயரைப் போட்டால் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். ஒரு வடிவத்தை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். ஆர்கிட் என்னும் 16 இலக்க ஆசிரியர் எண்ணை இன்றே வாங்குங்கள். இலவசம், பத்து நிமிட வேலை.

8. இதழைத் தேர்ந்தெடுப்பது

சாப்ளின் பணிக்கே உரியவை: டெய்லர் அண்ட் பிரான்சிஸ் வெளியிடும் ஜர்னல் ஆஃப் ஹெல்த் கேர் சாப்ளின்சி, ஈக்வினாக்ஸ் வெளியிட்டுவந்த ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் சாப்ளின்சி. 1947 முதல் வரும் மேய்ப்புப் பணி இதழின் தொடர்ச்சியான ஜர்னல் ஆஃப் பாஸ்டரல் கேர் அண்ட் கவுன்சலிங், சேஜ் வழியாக வருகிறது. அது ஆய்வுகளோடு சிறு சிந்தனைக் கட்டுரைகளையும் கவிதைகளையும் ஏற்கும் என்பதால் புதியவர்களுக்கு வாசல் சற்று அகலம். ஸ்பிரிங்கரின் பாஸ்டரல் சைக்காலஜி கோட்பாட்டுப் பக்கம் சாயும். ஜர்னல் ஆஃப் ரிலிஜன் அண்ட் ஹெல்த் எல்லா மதங்களையும் தொடும், அளவீட்டு ஆய்வுகள் அங்கே அதிகம்.

இந்தியாவில், இந்தியன் ஜர்னல் ஆஃப் பாலியேட்டிவ் கேர் இதழுக்கு வீட்டுப் பராமரிப்புச் சூழலை விளக்கவே வேண்டியதில்லை, அது பெரிய வசதி. ஒப்புதல், இரகசியம், குடும்ப மோதல் போன்றவை உங்கள் நேர்வின் மையமென்றால் மும்பையிலிருந்து வரும் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ் பொருந்தும். கிறிஸ்தவ மருத்துவமனைகளில் வேலை செய்பவர்கள் இந்தியக் கிறிஸ்தவ மருத்துவச் சங்கமான சிஎம்ஏஐயைத் தொடர்புகொள்ளலாம். அங்கே சாப்ளின்களுக்கென்றே தனிப் பிரிவும், சங்கத்துக்குச் சொந்த இதழும் உண்டு. ஆய்விதழ் அளவுக்குக் கட்டுரை இன்னும் வளரவில்லை என்றால் தொடங்க நல்ல இடம்.

இரண்டு மூன்று இதழ்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் அண்மையில் வந்த மூன்று நேர்வு அறிக்கைகளைப் படியுங்கள். சந்தா இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி நூலகத்தைக் கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குப் பெரிய பதிப்பகங்களின் இதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் மிஷன் மருத்துவமனைகளுக்கு இன்னும் இல்லை.

போலி இதழ்களைப் பற்றி எச்சரிக்கை. மின்னஞ்சலில் "மதிப்பிற்குரிய டாக்டர்" என்று தேடி வரும் அழைப்பு, மூன்று நாளில் ஏற்பு, தனிநபர் யுபிஐ கணக்குக்குப் பணம், கேள்விப்படாத நிறுவனம் தந்த தாக்கக் குறியீடு (இம்பாக்ட் ஃபேக்டர்): இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகுங்கள். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரத்துக்குச் சான்றல்ல, அது பதிவு எண் மட்டுமே. தரமான இதழ்கள் என்று யுஜிசி தொகுத்த யுஜிசி கேர் பட்டியலில் இருக்கிறது என்று இன்னும் விளம்பரம் செய்பவர்கள் உண்டு. அந்தப் பட்டியலை யுஜிசி 2025-இல் கைவிட்டுவிட்டது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களுக்கான டோஜ் என்னும் அடைவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை போலி இதழில் அச்சாகிவிட்டால் அந்த நேர்வை நல்ல இதழ் எடுக்காது. ஒரு நோயாளி நம்பித் தந்தது அங்கே வீணாகிவிடும்.

9. செலவு

சந்தா முறையில் வெளியிடத் தேர்ந்தால் மேலே சொன்ன வெளிநாட்டு இதழ்களில் ஆசிரியர் பணம் கட்ட வேண்டியதில்லை. ஏற்பு வந்ததும் "திறந்த அணுக்கமா?" என்று திரையில் கேட்கும். அவசரத்தில் ஆம் என்று அழுத்தினால் பில் வரும். பெரிய பதிப்பகங்களில் அது பெரும்பாலும் 2000 டாலருக்கு மேல், அதன்மேல் ஜிஎஸ்டியும் சேரலாம். வளரும் நாடுகளுக்கான கட்டண விலக்குப் பட்டியல்களில் இந்தியா பொதுவாக இல்லை என்பதால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். இந்திய இதழ்களின் கட்டண விதி அவ்வப்போது மாறும். அனுப்பும் வாரத்தில் இதழின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் கையிலிருந்து போவது: குழுவின் கட்டணம், மொழிபெயர்ப்பு, தேர்வுக் கட்டணம், ஆங்கிலம் திருத்துபவருக்கான கூலி. கடைசியதற்குப் பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் மருத்துவமனையில் ஏற்கெனவே வெளியிட்ட மருத்துவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். மேற்கோள்களை அடுக்க ஸொட்டெரோ என்னும் மென்பொருள் இலவசம்.

10. எழுதி அனுப்புவது

இதழுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்பும் முதல் காரணம், கட்டுரை பிரசங்கமாக இருப்பது. "கர்த்தர் அவருக்குச் சமாதானம் கொடுத்தார்" என்பது உங்கள் விசுவாசம். கட்டுரைக்கு வேண்டியது, தூக்கம் வந்ததா, மகனோடு பேசினாரா, மருந்து வேண்டாம் என்பதை நிறுத்தினாரா என்பது, அதை யார் கவனித்தார் என்பது. நர்ஸின் பதிவேட்டில் அதே நாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள், அங்கே பல நேரம் ஆதாரம் இருக்கும். நோயாளியின் ஆன்மீகத் தேவையை மதிப்பிட ஏதாவது கேள்விக் கருவி பயன்படுத்தினால், உதாரணமாக கிறிஸ்டினா புச்சால்ஸ்கி உருவாக்கிய ஃபைகா, அதைத் தமிழில் எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.

கேர் என்னும் நேர்வு அறிக்கைச் சரிபார்ப்புப் பட்டியல் (யுஜிசி கேர் வேறு) 2013-இல் வந்தது. மருத்துவத்துக்காக எழுதப்பட்டது என்றாலும், எது விடுபட்டது என்று பார்க்க உதவும். மேய்ப்புப் பணி இதழ்கள் பெரும்பாலும் ஏபிஏ மேற்கோள் முறையையும், மருத்துவ இதழ்கள் வான்கூவர் முறையையும் கேட்கும்.

கோப்புகள்: ஆசிரியர் விவரங்களோடு தலைப்புப் பக்கம் தனியாக, பெயரில்லாத கட்டுரை தனியாக, அறிமுகக் கடிதம், நெறிமுறைக் கடிதத்தின் நகல். பெயரில்லாத கோப்பில் மருத்துவமனைப் பெயரும் நன்றியுரையும் தங்கிவிடாமல் பாருங்கள். வேர்டு கோப்பின் பண்புகளிலும் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது.

ஆசிரியர் மேசையிலேயே நிராகரிப்பு என்றால் இரண்டு மூன்று வாரத்தில் தெரியும். மதிப்பீட்டுக்குப் போனால் மூன்று முதல் ஆறு மாதம். நான்கு மாதம் தாண்டினால் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். பெரிய திருத்தம் வந்தால் அது நல்ல செய்தி. ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் என்று அட்டவணையாகப் பதில் எழுதுங்கள். மதிப்பீட்டாளர் நோயாளியைப் பற்றிக் கூடுதல் விவரம் கேட்டு, அது அடையாளத்தைக் காட்டிவிடும் என்றால், காரணம் சொல்லி மறுக்கலாம். அச்சுப்படி வந்தால் இரண்டு மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும். பெயர், ஊர், நோயாளியின் பேச்சு மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

11. வெளியான பின்

பதிப்பகத்தின் இறுதிப் பிடிஎஃபை வாட்ஸாப் குழுக்களில் போடாதீர்கள், உரிமை அவர்களுடையது. ஏற்கப்பட்ட வேர்டு வடிவத்தைப் பகிரப் பெரும்பாலும் அனுமதி உண்டு, சில பதிப்பகங்கள் 12 மாதம் காத்திருக்கச் சொல்லும்.

தமிழிலோ மலையாளத்திலோ அதே கட்டுரையை வெளியிடலாம். இரண்டு இதழாசிரியர்களின் சம்மதமும் வேண்டும், முதல் வெளியீட்டுக்குப் பிறகே வர வேண்டும், இது எதன் மொழியாக்கம் என்று முதல் பக்கத்தில் சொல்ல வேண்டும். இந்த வேலையை விடாதீர்கள். உங்கள் பஞ்சாயத்தின் நர்ஸும் தன்னார்வலர்களும் ஆங்கிலக் கட்டுரையைத் தேடிப் படிக்கப் போவதில்லை. ஆனால் உள்ளூர் மொழியில் வரும்போது நோயாளியை அடையாளம் காணும் வாய்ப்பு பல மடங்கு கூடும். அதனால் ஆறாம் படியை இந்த வடிவத்துக்கு மறுபடி முழுவதும் செய்யுங்கள், ஒப்புதல் படிவத்தில் மொழியாக்கத்துக்கும் சம்மதம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குடும்பத்திடம் மறுபடி போய்க் கேட்க வேண்டும். இதைத் தவிர்க்க, முதல் படிவத்திலேயே "பிற மொழிகளிலும் வெளியிடலாம்" என்று ஒரு வரியும் அதற்கெனத் தனிக் கட்டமும் சேர்த்துவிடுங்கள்.